கேட்டால் சொல்கிறேன்: பழுது பார்க்கப் பழக ஒரு பலகை

சென்ற இதழில், எண்ணெய் ஆலை வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன ஒரு பையனைப் பற்றி எழுதியிருந்தேன். பெரிய மோட்டாரை முதலில் குறைந்த கரண்ட்டில் (ஸ்டார்) கிளப்பி, பிறகு முழு வோல்ட்டுக்கு (டெல்டா) மாற்றும் ஸ்டார்-டெல்டா சுற்றின் படத்தைக் காகிதத்தில் அழகாக வரைந்துகாட்டினான். பக்கத்தில் இருந்த பேனலைத் திறந்து "இதில் ஸ்டார் கான்டாக்டர் எது?" என்று கேட்டதும் அப்படியே நின்றுவிட்டான். கான்டாக்டர் என்பது, உள்ளே இருக்கும் காயிலுக்கு மின்சாரம் கொடுத்தால் இழுத்து மோட்டாரை இணைக்கும் சுவிட்ச். ஒரு பக்கத்து மூன்று முனைகளும் ஒன்றாகக் கட்டியிருப்பதுதான் ஸ்டார் கான்டாக்டர், கையால் ஒருமுறை கட்டியவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுக்கே இந்த மாதம் முழுப் பக்கமும் போய்விட்டது. மற்ற கேள்விகள் அடுத்த மாதம்.

எங்கள் கோயில் மண்டபத்தின் பின்னால் ஓர் அறை சும்மா கிடக்கிறது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மோட்டார் கட்டுப்பாடு சொல்லிக்கொடுக்க நினைக்கிறோம். நன்கொடை தர ஒருவர் தயார். பயிற்சிப் பலகையை விலைக்கு வாங்குவதா, நாமே செய்வதா?
– இளைஞர் குழுச் செயலாளர், சுங்கை சிப்புட்

நம்ம ஊர்க்காரர் கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாங்குங்கள், செய்யுங்கள், எதுவானாலும் சரி, முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பலகையில் பிழையை ஒளித்துவைக்க முடியுமா? பொத்தானை அமுக்கினால் மோட்டார் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும் என்று காட்டுகிற பலகை பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், இரண்டு வாரத்தில் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். ஆலையில் யாரும் நம்மை ஓடுகிற மோட்டாரைப் பார்க்கக் கூப்பிடுவதில்லை. ஓடாததற்குத்தான் கூப்பிடுகிறார்கள். கடைகளில் கிடைக்கும் நல்ல பலகைகளில் பின்பக்கம் பூட்டுப் போட்ட ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே வரிசையாகச் சுவிட்சுகள். ஒன்றைத் தட்டினால் காயிலுக்குப் போகும் வயர் அறுந்த மாதிரி ஆகிவிடும், இன்னொன்றைத் தட்டினால் ஒரு ஃபேஸ் போய்விடும். அந்தப் பெட்டி இல்லாத பலகைக்குப் பெரிய காசு கொடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் நீங்களே செய்யுங்கள் என்பேன். துளை போட்ட இரும்புத் தகடு, 35 மில்லிமீட்டர் ரெயில், மூன்று கான்டாக்டர், ஒரு ஓவர்லோட் (மோட்டாருக்கு அதிகக் கரண்ட் போனால் நிறுத்தும் காவல்), ஒரு ஸ்டார்-டெல்டா டைமர், பச்சை சிவப்புப் பொத்தான்கள், காளான் தலை அவசரப் பொத்தான், நான்கைந்து விளக்குகள், ஃபியூஸ், எம்.சி.பி. (பிரேக்கர்), 30 மில்லியாம்பியர் ஆர்.சி.டி. (மின்சாரம் கசிந்தால் வெட்டிவிடும் காவல்), 24 வோல்ட் கொடுக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ஒரு பலகைக்கு இவ்வளவு போதும். அதைக் கட்டுவதே முதல் மாதப் பாடம். ஆலைகளில் பழைய பேனல் மாற்றும்போது கழற்றிப் போட்ட கான்டாக்டர் கிடைக்கும், மேலாளரிடம் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். ஆனால் காயிலின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படிக்காமல் மாட்டாதீர்கள். 24, 110, 230, 400 என்று எல்லா வகையும் வரும், வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே முகம்தான்.

அப்புறம் சப்ளை. உங்கள் மண்டபத்தில் இருப்பது அநேகமாக ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட். மூன்று ஃபேஸ் இல்லையே என்று நின்றுவிடாதீர்கள். மோட்டார் கட்டுப்பாட்டில் கற்க வேண்டியதில் பாதிக்கு மேல் கட்டுப்பாட்டுச் சுற்றில்தான் இருக்கிறது, அதற்கு 24 வோல்ட்டே போதும். மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று விளக்கை மாட்டுங்கள். பொத்தான், அதை விட்ட பிறகும் சுற்றைப் பிடித்துக்கொள்ளும் தொடுகை, முன்-பின் ஓட்டம், ஒன்று இழுத்திருக்கும்போது மற்றது இழுக்காமல் தடுக்கும் இன்டர்லாக், டைமர், எல்லாவற்றையும் பிள்ளைகள் பயமில்லாமல் கைவைத்துப் படிக்கலாம். தப்பாகக் கட்டினால் ஃபியூஸ் போகும், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து மூன்று ஃபேஸ் எடுத்து மோட்டாரை மாட்டுங்கள். அந்த வயரிங்கைப் பதிவு பெற்ற வயர்மேனை வைத்துச் செய்யுங்கள். அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மோட்டார் வாங்கும்போது நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் என் மனம் கேட்காது. கடையில் "சின்ன மூன்று ஃபேஸ் மோட்டார் கொடுங்கள்" என்றால் பெரும்பாலும் பெயர்த்தகட்டில் 230/400 என்று எழுதியதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். டெல்டாவில் 230, ஸ்டாரில் 400 என்று அர்த்தம். நம் மலேசியாவில் ஃபேஸுக்கு ஃபேஸ் 400 வோல்ட். அந்த மோட்டாரை ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் மாட்டினால், டெல்டாவுக்கு மாறின நிமிடம் 230 தாங்கும் சுருளில் 400 ஏறும். புது மோட்டார் முதல் நாளே புகைந்துவிடும். ஸ்டார்-டெல்டா பழக 400/690 என்று எழுதிய மோட்டார்தான் வேண்டும். சின்ன அளவில் அது சட்டென்று கிடைக்காது, சொல்லிவைத்து வாங்குங்கள். தப்பாக 230/400 மோட்டாரை வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப் போட வேண்டாம். ஒற்றை ஃபேஸில் இருந்து மூன்று ஃபேஸ் 230 கொடுக்கும் வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) ஒன்றை வாங்கி, மோட்டாரை டெல்டாவில் கட்டி, வேகக் கட்டுப்பாடு சொல்லிக்கொடுக்கலாம். அந்த வி.எஃப்.டி.க்குப் பின்னால் மட்டும் ஸ்டார்-டெல்டா கான்டாக்டர் போடாதீர்கள், இரண்டும் சேராது.

எங்கள் ஆலையில் பாய்லர் புகையை வெளியே இழுக்கும் ஐ.டி. ஃபேனுக்கு 55 கிலோவாட் மோட்டார், ஸ்டார்-டெல்டா. ஸ்டாரில் நன்றாகக் கிளம்புகிறது, டெல்டாவுக்கு மாறும்போது சில நாள் 'டம்' என்று சத்தம் வந்து பெரிய பிரேக்கரான எம்.சி.சி.பி. விழுந்துவிடுகிறது. சில நாள் ஒன்றும் ஆவதில்லை. மின்சாரப் பொறுப்பாளரான சார்ஜ்மேன் டைமரை மாற்றினார், டெல்டா கான்டாக்டரையும் மாற்றினார், சரியாகவில்லை. டைமர் 5 விநாடியில் இருக்கிறது. நான் உதவியாளன்தான், ஆனாலும் தெரிந்துகொள்ள ஆசை.
– 22 வயது வாசகர், பாகான் டத்தோ

தம்பி, பழுதைப் பாதி நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். "சில நாள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுருள் முனைகளை மாற்றிக் கட்டியிருந்தால் தினமும் ஒரே மாதிரிதான் நடக்கும். தினமும் விழவில்லை என்றால் தினமும் மாறுகிற ஏதோ ஒன்றுதான் காரணம்.

ஐ.டி. ஃபேனில் தினமும் மாறுவது எது? டேம்பர், காற்றுப் பாதையை மூடித் திறக்கும் கதவு. மூடிவைத்துக் கிளப்பினால் ஃபேனுக்குச் சுமை குறைவு, சீக்கிரம் வேகம் எடுக்கும். முந்தின ஷிப்ட்காரர்கள் திறந்தபடி விட்டுப் போயிருந்தால் காற்றை இழுத்துக்கொண்டே வேகம் எடுக்க வேண்டும். ஸ்டாரில் மோட்டாரின் முறுக்குவிசை நேரடி ஸ்டார்ட்டில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், கரண்ட்டும் அப்படியே மூன்றில் ஒரு பங்கு. அந்த விசையை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய விசிறி 5 விநாடியில் வேகம் எடுத்துவிடாது. பாதி வேகத்தில் டெல்டாவுக்குத் தள்ளினால், அதுவரை தவிர்த்த பெரிய கரண்ட் அப்போது ஒரேயடியாக வரும். ஸ்டார்ட்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

சார்ஜ்மேனை வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்யுங்கள். ஸ்டார்ட்டருக்குள் வரும் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு, டேம்பர் மூடியிருக்கும்போது ஒரு முறை, திறந்திருக்கும்போது ஒரு முறை கிளப்பிப் பாருங்கள். ஸ்டாரில் கரண்ட் மேலே ஏறி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, பிறகு மளமளவென்று இறங்கும். இறங்கி நின்ற பிறகுதான் டெல்டாவுக்கு மாற வேண்டும். எத்தனை விநாடியில் இறங்குகிறது என்று எண்ணுங்கள், அதுதான் உங்கள் டைமர் எண். 5 என்று யாரோ வைத்த எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

இரண்டாவது சந்தேகம், அந்த டைமரே. முதலில் இருந்தது ஸ்டார்-டெல்டா டைமரா, மாற்றிப் போட்டது சாதா டைமரா என்று பாருங்கள். ஸ்டார்-டெல்டா டைமர் ஸ்டாரை விட்ட பிறகு ஒரு சின்ன இடைவெளி கொடுத்துத்தான் டெல்டாவை இழுக்கும், பெரும்பாலும் 50 மில்லிவிநாடி அளவுக்கு. சாதா டைமரில் அந்த இடைவெளி கிடையாது. ஸ்டார் கான்டாக்டரின் பொறி அணையும் முன்னே டெல்டா இழுத்தால் மூன்று ஃபேஸும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நீங்கள் கேட்ட 'டம்' அதுவாகவும் இருக்கலாம். இரண்டு கான்டாக்டருக்கும் நடுவில் இன்டர்லாக் வயர் ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள், பழைய பேனலில் யாராவது அவசரத்தில் அதை நேராக இணைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஓவர்லோடையும் பாருங்கள். பெயர்த்தகட்டில் 98 ஆம்பியர் என்று இருந்து, ஓவர்லோட் சுருளோடு வரும் வயரில் மாட்டியிருந்தால், வைக்க வேண்டியது 98-ஐ 0.58-ஆல் பெருக்கி 57, டெல்டாவில் ஒரு சுருள் வழியே போகும் பங்கு அதுதான். அதை 98-இல் வைத்திருந்தால் மோட்டார் எரிந்த பிறகுதான் டிரிப் ஆகும். இது உங்கள் 'டம்'முக்குக் காரணம் இல்லை, ஆனால் பேனலைத் திறந்த கையோடு பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் பூட்டுப் போட்டு, அட்டை மாட்டி, சார்ஜ்மேன் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். 55 கிலோவாட் பேனல் பயிற்சிப் பலகை இல்லை, தம்பி.

கம்ப்யூட்டரிலேயே மோட்டார் சுற்று வரைந்து ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் இருக்கிறதே, பலகை எதற்கு?
– கல்லூரி மாணவர், ஈப்போ

வரைந்து பழக நல்லது, நானும் பிள்ளைகளைப் பயன்படுத்தச் சொல்கிறேன். ஆனால் திரையில் ஸ்க்ரூ தளராது. ஒரு ஃபேஸ் போன மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகுவதைக் கையை வைத்து உணர முடியாது, காயில் சூடாகி வார்னிஷ் வாடை வராது. மூக்கும் காதும் வேலைக்கு வர வேண்டும் என்றால் பலகை வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற தொழில்நுட்பர். வாரம் ஒரு நாள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னென்ன பிழைகளை ஒளித்துவைக்கலாம், எப்படிக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்?
– வாசகர், கூலிம்

ஐயா, உங்களை மாதிரி ஆட்கள்தான் வேண்டும். முதலில் என் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், செம்பனைப் பழம் குவியும் மாதத்தில், ஒரு ராத்திரி பழத்தைப் பிழியும் ஸ்க்ரூ பிரஸ் மோட்டார் நின்றுவிட்டது. பொத்தானை அமுக்கிப் பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும். நான் பொத்தானை மாற்றினேன், பிறகு காயிலை, பிறகு ஓவர்லோடை. பிழிவதற்கு முன் மசிக்கும் டைஜெஸ்டரில் பழம் ஆறிக்கொண்டிருக்கிறது, ஃபோர்மேன் தலைக்கு மேல் நிற்கிறார். நாலு மணி நேரம் கழித்து ஒரு பெரியவர் வந்து, கான்டாக்டரின் பக்கவாட்டில் 14-ஆம் எண் ஸ்க்ரூவைத் திருப்புளியால் கால் சுற்று இறுக்கினார். ஓடியது. அமுக்கினால் ஓடி விட்டால் நிற்கிறது என்றால் 13-14 என்ற தொடுகை பிடித்துக்கொள்ளவில்லை என்பது தவிர வேறு என்ன அர்த்தம்? படத்தில் எனக்கு அது தெரியும். பழுதாக அதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, அதுதான் விஷயம்.

ஆகவே முதல் பிழையாக அதையே வையுங்கள். வயரின் தோலை உரிக்காமல், தோலோடு சேர்த்து 14-இல் முறுக்கிவிடுங்கள். வெளியே பார்த்தால் இறுக்கமாகவே இருக்கும். ஆலையில் உண்மையாக நடக்கும் பிழை இது. அடுத்து, பார்க்க நன்றாக இருக்கும் எரிந்த ஃபியூஸ். அடுத்து, ஓவர்லோடின் 95-96, அதாவது டிரிப் ஆனால் விலகும் தொடுகை, திறந்திருப்பது. மின்சாரமே இல்லை என்று நினைத்து மேலே தேட ஆரம்பிப்பார்கள். ரீசெட் பொத்தானைக் கண்ணால் பார்க்கப் பழகும் வரை இதைத் திரும்பத் திரும்ப வைக்கலாம். வயரை முன்னும் பின்னும் மடக்கி, தோல் கிழியாமல் உள்ளே செம்பை மட்டும் ஒடித்துவைப்பதும் நல்ல பிழை. கொஞ்சம் முன்னேறியவர்களுக்கு ஒன்று: டெல்டா வயர்களை மாற்றி, ஒரு சுருளின் இரண்டு முனைகளான யு1-உம் யு2-உம் ஒரே ஃபேஸில், வி1-உம் வி2-உம் ஒரே ஃபேஸில், டபிள்யு1-உம் டபிள்யு2-உம் ஒரே ஃபேஸில் வருகிற மாதிரி கட்டிவிடுங்கள். ஸ்டாரில் கிளம்பும், டெல்டாவில் டிரிப்பே ஆகாமல், சத்தமில்லாமல் மெதுவாக நின்றுபோகும். சுருளின் இரண்டு முனையிலும் ஒரே ஃபேஸ் இருந்தால் வோல்ட் எங்கிருந்து வரும்? அந்த அமைதியைப் பார்த்து ஒரு பிள்ளை காரணம் சொல்லிவிட்டால் அவனுக்கு டெல்டா புரிந்துவிட்டது.

எர்த் வயரிலும், ஆர்.சி.டி.யிலும் எந்தப் பிழையும் வைக்காதீர்கள். அவசரப் பொத்தான் திறந்தே இருக்கிற மாதிரி வைக்கலாம், அமுக்கினாலும் நிற்காத மாதிரி ஒருபோதும் வேண்டாம்.

கண்டுபிடிக்கும் முறைக்கு ஒரே பழக்கம். மீட்டரின் ஒரு முனையை நியூட்ரல் கட்டையில் வைத்துவிட்டு, அதைத் தொடவே கூடாது. மற்ற முனையை ஃபியூஸில் இருந்து ஒவ்வொரு படியாக நகர்த்த வேண்டும்: ஃபியூஸுக்கு முன், பின், அவசரப் பொத்தானுக்குப் பின், 95, 96, சிவப்புப் பொத்தான், பிறகு பச்சையை ஒருவர் அமுக்கிப் பிடிக்க, அதற்குப் பின், கடைசியில் காயிலின் ஒரு முனையான ஏ1. பலகை 24 வோல்ட் என்றால் ஒவ்வொரு படியிலும் 24 காட்டும். எங்கே 24 திடீரென்று இல்லாமல் போகிறதோ, அதற்கும் முந்தின படிக்கும் நடுவில்தான் பழுது. ஏ1 வரை 24 வந்தும் கான்டாக்டர் இழுக்கவில்லை என்றால் ஏ1-க்கும் காயிலின் மறுமுனையான ஏ2-க்கும் குறுக்கே அளக்கச் சொல்லுங்கள். 24 இருந்தால் காயில் போய்விட்டது. இல்லையென்றால் ஏ2-வில் இருந்து திரும்பிப் போகும் வயர் விட்டிருக்கிறது. அப்படி விட்டிருந்தால் ஏ2-விலும் நியூட்ரலுக்கு 24 காட்டும், காயில் வழியாக வந்த வோல்ட் அது. முதல் முறை அந்த எண்ணைப் பார்க்கும்போது பிள்ளைகள் மீட்டர் கெட்டுவிட்டது என்பார்கள். அங்கே நிறுத்தி, அவர்களே காரணத்தைச் சொல்லும் வரை காத்திருங்கள், அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

ஒரு கண்டிப்பு மட்டும் வேண்டும். பழுது எதுவென்று நோட்டில் எழுதாமல் எந்தப் பொருளையும் கழற்றக் கூடாது. என்ன பார்த்தேன், எதைச் சந்தேகப்பட்டேன், எங்கே அளந்தேன், என்ன எண் வந்தது. கடைசியில் என்ன இருந்தது என்பதை வேறு மையில் எழுதட்டும். முதல் மாதம் நேரத்தைப் பார்க்காதீர்கள். வேகம் தானாக வரும்.

மகனைத் தொழிற்கல்விக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். போய்ப் பார்த்த ஒரு தனியார் மையத்தில் பெரிய பெரிய பலகைகள் இருந்தன, கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். நல்ல இடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு தாய், தெலுக் இந்தான்

அம்மா, நீங்கள் பார்த்ததை நானும் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மையத்தில் வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள், போனேன். பலகைகளின் மேல் கம்பெனியில் இருந்து வந்த பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்கவில்லை, பிள்ளைகள் இரண்டு வருடம் முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று பயந்து பூட்டிவைத்திருந்தார்கள். எனக்கு அன்றைக்கு மனசு ஆறவே இல்லை.

அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் பலகையின் ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். திருப்புளி பட்டுப் பட்டு வாய் கொஞ்சம் தேய்ந்து, வயர்களின் நுனி கறுத்து, தகட்டில் கைரேகை அழுக்கு இருந்தால் அங்கே பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். பளபளவென்று இருந்தால் காட்டுவதற்காக வைத்திருக்கிறார்கள். எத்தனை பிள்ளைக்கு ஒரு பலகை என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேருக்கு ஒன்று என்றால் நல்லது. "பழுது பார்க்கும் பயிற்சி எப்படிக் கொடுக்கிறீர்கள்?" என்று ஆசிரியரிடமே கேளுங்கள், அலுவலகத்தில் இருப்பவரிடம் அல்ல. பிழைப் பெட்டி இருந்தால் உடனே திறந்து காட்டுவார்.

சான்றிதழ் எஸ்.கே.எம். நிலையில் வருகிறதா என்று பாருங்கள், அது அரசாங்கத்தின் திறன் சான்றிதழ். மின்சாரப் பக்கம் மேலே போக வேண்டும் என்றால் வயர்மேன், சார்ஜ்மேன் என்று தகுதிகள் இருக்கின்றன, அவை எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவின் கீழ் வருகின்றன. தாழ்வழுத்தத்துக்கு ஏ0 என்பதில் தொடங்குவார்கள். ஆலைக்கு சார்ஜ்மேன் கட்டாயம் தேவை, அந்தத் தகுதி கையில் இருந்தால் பையன் வேலையைத் தேடி அலைய வேண்டியதில்லை. தனியார் மையத்துக்குப் பணம் கட்டும் முன் அரசாங்கத்தின் ஐ.எல்.பி., கியாட்மாரா, வொக்கேஷனல் கல்லூரி இவற்றையும் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள், கட்டணம் மிகக் குறைவு. விண்ணப்பத் தேதியைத் தவற விட்டுவிட்டு வருத்தப்படும் பெற்றோரை வருடா வருடம் பார்க்கிறேன்.

கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக ஆபரேட்டர். எனக்கு 34 வயது. மெய்ன்டனன்ஸ் பக்கம் போக ஆசை, பெண்ணுக்கு எதற்கு என்கிறார்கள்.
– வாசகி, தைப்பிங்

தங்கச்சி, பதினோரு வருடம் லைன் பக்கத்தில் நின்றவருக்கு மோட்டார் சத்தம் மாறினால் முதலில் தெரியும். பேரிங் போகப்போகிறது என்பதை மெய்ன்டனன்ஸ்காரர் வருவதற்கு முன்னே நீங்கள் சொல்லியிருப்பீர்கள், இல்லையா? அதைப் படித்து வாங்க முடியாது. மீதி எல்லாம் படிக்கலாம். பத்து உள்ளூர் ஊழியரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் தொழிற்சாலைகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான ஹெச்.ஆர்.டி. கார்ப்புக்கு லெவியாகக் கட்டுகின்றன. அது உங்களை மாதிரி ஊழியர்களின் பயிற்சிக்கான பணம். மனிதவளப் பிரிவில் போய், மோட்டார் கட்டுப்பாடு செய்முறைப் பயிற்சிக்கு அந்த லெவியில் அனுப்பச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். மறுத்தாலும் விடாதீர்கள், அடுத்த வருடம் திரும்ப எழுதுங்கள், எனக்கும் எழுதுங்கள்.

இப்போது எல்லாம் பி.எல்.சி. (நிரல் எழுதி இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) தானே? கான்டாக்டர், ரிலே எல்லாம் விட்டுவிட்டு நேராக அதைப் படிக்கலாமா?
– வாசகர், சுங்கை பட்டாணி

படிக்கலாம், ஆனால் இரண்டு மாதம் ரிலேயில் கழித்துவிட்டுப் போனால் பி.எல்.சி. இரண்டு வாரத்தில் புரியும். 1969-இல் மோடிகான் 084 என்று முதல் பி.எல்.சி.களில் ஒன்று வந்தது, அமெரிக்காவில் கார்த் தொழிற்சாலைகளில் அறை அறையாக இருந்த ரிலேக்களுக்குப் பதிலாக. ரிலே படம் படித்துப் பழகின எலெக்ட்ரீஷியன்கள் புதிதாக ஒன்றும் படிக்காமல் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அதன் நிரலையே ஏணி மாதிரி, ரிலே படம் மாதிரி அமைத்தார்கள். 13-14 எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று கையால் கட்டியவர் ஏணிப் படத்தில் அதே பிடியைப் பார்த்ததும் "ஓ, இதுவா" என்பார். அது தெரியாதவர் அதை ஒரு சூத்திரமாக மனப்பாடம் செய்வார். இன்னொன்று, பி.எல்.சி.யின் வெளியே நிற்பது அதே கான்டாக்டர்தான். நான் பார்த்த பி.எல்.சி. பழுதுகளில் பெரும்பாலானவை வெளியேதான் இருந்தன: ஒரு லிமிட் சுவிட்ச், ஒரு சென்சார் வயர், ஈரம் ஏறிய பெட்டி.

பழக ஆரம்பிக்கிறவன் எந்த மீட்டர் வாங்கலாம்?
– வாசகர், பீடோர்

கேட் 3 (பாதுகாப்பு வகை), 600 வோல்ட் என்று எழுதியிருக்கும் நல்ல டிஜிட்டல் மீட்டர் ஒன்று, முடிந்தால் ஒரு கிளாம்ப் மீட்டர். மலிவு மீட்டரால் 400 வோல்ட் பேனலை அளக்காதீர்கள். உள்ளே ஃபியூஸ் போனால் அதே வகை ஃபியூஸைத்தான் போட வேண்டும், வயர் சுற்றி ஒட்டக் கூடாது. மீட்டரே குறைந்த உள்மின்தடையோடு வோல்ட்டை அளக்கும் வசதி, லோ-இசட் என்பார்கள், அது இருக்கிற மீட்டராகப் பாருங்கள். ஆலையில் நீளமான கேபிள்களில் பக்கத்து வயரின் தயவால் 60, 80 வோல்ட் என்று பொய்யாகக் காட்டும், லோ-இசட்டில் வைத்தால் அது காணாமல் போகும். மெக்கர், அதாவது இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர், இப்போது வேண்டாம், பிறகு வாங்கும்போது 500 வோல்ட் உள்ளதாக வாங்குங்கள்.

டெஸ்ட் பென்னை மட்டும் நம்பி மின்சாரம் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். மின்சாரம் இருக்கும் ஒரு சாக்கெட்டில் மீட்டரை வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யப் போகும் இடத்தில், பிறகு திரும்ப அந்த சாக்கெட்டில். நடுவில் ஒன்றும் காட்டாமல், முதல் தடவையும் மூன்றாவது தடவையும் 230 காட்டினால் மட்டும் கையை வையுங்கள்.